கருப்பையா வீட்டுக்குப் போகும் அரிசி

மதினி,

இன்று சனிக்கிழமை. காலையில் உலை வைத்துவிட்டுப் பிடியரிசி டின்னைத் திறந்தேன். வசம்பு வாசம் முகத்தில் அடித்தது. வண்டு விழாமல் இருக்க நீங்கள் போட்டுவைத்த அந்த ஒரு துண்டு இன்னும் அடியில் கிடக்கிறது. அரிசி மாதாமாதம் போகிறது, வசம்பு போகவில்லை. நீங்கள் போய் ஐந்து மாதம் ஆகிவிட்டது. உங்கள் சேலையில் இருந்த வாசம் போய்விட்டது, தலையணையிலும் போய்விட்டது. இந்த டின்னில் மட்டும் நீங்கள் இருக்கிறீர்கள். மூடியைக் கையில் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன். உலைத் தண்ணீர் பாதி வற்றிப்போனது.

டின் கழுத்துவரை நிறைந்துவிட்டது. நாளை மாதக் கடைசி ஞாயிறு. சபை அரிசியைச் சுமந்துகொண்டு போய்க் கொடுக்கும் முறை இந்த மாதம் நம் வீட்டுக்கு. போக வேண்டிய வீடு எது தெரியுமா? கருப்பையா வீடு.

போன ஞாயிறு ஆராதனை முடிந்ததும் போதகர் ஐயா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். கருப்பையாவுக்கு ஒரு பக்கம் கை கால் விழுந்துவிட்டதாம். அவன் பெண்டாட்டி அழகம்மாளால் அவனைப் போட்டுவிட்டு வேலைக்குப் போக முடியவில்லையாம். நாலைந்து நாளாக அடுப்பு எரியவில்லையாம். "சலோமி, ஒனக்குக் கஷ்டமா இருந்தா சொல்லும்மா. முறைய மாத்தி வேற வீட்ட அனுப்பிரலாம்" என்றார். நல்ல மனிதர், எனக்காகத்தான் சொன்னார். ஆனால் எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "எங்க வீட்டு முறைய யாருக்கும் குடுக்க மாட்டேங்கய்யா" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து உட்கார்ந்த பிறகுதான் நான் என்ன சொன்னேன் என்பதே எனக்கு உறைத்தது.

ஆறு நாளாக நெஞ்சுக்குள் கல் அரைக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன். நான் ஐந்தாம் வகுப்புவரை படித்தவள், எழுத்து கோணலாகத்தான் இருக்கும். நீங்கள் என் எழுத்தைப் பார்த்துச் சிரிப்பவர் இல்லை. சிரித்தாலும் சேர்ந்து சிரிக்கலாம்.

முதல் முதலாக இந்த டின்னை வைத்து நான் உங்களோடு போட்ட சண்டை ஞாபகம் இருக்கிறதா? என்னைக் கட்டியவர் வேறொருத்தியைக் கூட்டிக்கொண்டு திருப்பூருக்குப் போன வருஷம் அது. ஒரு துணிப்பையோடு ஆலங்குடியில் பஸ் மாறி நம் வீட்டு வாசலில் வந்து நின்றேன். அண்ணன் கல்யாணத்துக்கு முன்பே என்னைக் கட்டிக் கொடுத்துவிட்டதால் உங்களோடு நான் அதிகம் பழகியதில்லை. வாழாமல் வந்த நாத்தனாரை எந்த மதினிக்குப் பிடிக்கும் என்ற பயத்தோடுதான் வந்தேன். நீங்கள் கடலை ஆய்ந்துகொண்டிருந்தீர்கள். எழுந்து கையைத் தட்டிவிட்டு, என் பையை வாங்கி உள்ளே வைத்தீர்கள். ஒன்றும் கேட்கவில்லை. பிறகு அரிசி அளந்தீர்கள். அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடி அள்ளி, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, இந்த டின்னில் போட்டீர்கள்.

வந்த அன்றைக்கே அரிசியை ஒளித்துவைக்க ஆரம்பித்துவிட்டாள் என்று நினைத்தேன். அடுத்த வேளையும் பார்த்தேன், மறுநாளும் பார்த்தேன். ஒவ்வொரு வேளையும் ஒரு பிடி உள்ளே போனது. மூன்றாம் நாள் தாங்க முடியாமல் அண்ணனிடம் சொல்லி அழுதுவிட்டேன். "ஒன் பொண்டாட்டி எனக்குப் பயந்து அரிசிய ஒளிக்குதுண்ணே." அண்ணன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சிரித்துச் சிரித்துப் புரை ஏறிவிட்டது.

"அடியே கூறுகெட்டவளே, அது பிடியரிசி! ஒல வைக்கும்போதெல்லாம் மொத பிடிய எடுத்து வச்சு, மாசக் கடைசியில கோயில் சாக்குல கொட்டிருவா. எந்த வீட்டுல அடுப்பு எரியலயோ அந்த வீட்டுக்குச் சபைக்காரங்க கொண்டுபோய்க் குடுப்பாங்க. எந்தச் சாமியக் கும்புடுற வீடுன்னும் பாக்க மாட்டாங்க. எல்லாம் ஒன் மதினி அவ பொறந்த ஊருலேர்ந்து கொண்டாந்து, நம்ம சபையில பத்து வீட்டயும் பழக்கிவிட்ட பழக்கம்."

கிறிஸ்துமஸுக்கு மட்டும் கோயிலுக்குப் போய் வளர்ந்தவள் நான். எனக்கு எங்கே தெரியும்? தலையைக் குனிந்துகொண்டேன். நீங்கள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தீர்கள். "ஏத்தா, ஒனக்கு ஒளிக்கிறதா இருந்தா இத்தினிக்காணு டின்னுலயா ஒளிப்பேன்? குதிர் ஒண்ணுல்ல வாங்கிப் போட்டிருப்பேன்" என்றீர்கள். அதோடு விட்டீர்களா? மறுநாள் என்னையே பிடி அரிசி எடுக்கச் சொன்னீர்கள். நான் விரல் நுனியில் கொஞ்சம் அள்ளிப் போட்டேன். என் கையைப் பிடித்து நிறுத்தினீர்கள். "பிடின்னா வெரலு மூடணும். தொறந்த கையில எடுக்கிறது பிடி இல்ல, கிள்ளு." என் விரல்களை ஒவ்வொன்றாக அரிசிமேல் மடக்கிவிட்டீர்கள்.

அண்ணன் சிரித்த அந்தச் சிரிப்பு நம் வீட்டில் ஆறேழு வருஷம் இருந்தது. அப்புறம் அந்த மாசி மாதம் வந்தது.

கடலை காய் பிடிக்கிற நேரம். பன்றித் தொல்லை. நம் கடலைக் கொல்லையை ஒட்டிய கொல்லைக்காரன் கருப்பையா வரப்போரம் கம்பி இழுத்து அதில் கரண்டு விட்டிருந்தான். தப்பு என்று அவனுக்கும் தெரியும். விடிந்ததும் நிறுத்திவிடுவான். அன்று நிறுத்த மறந்துவிட்டான். காலையில் கடுங்காப்பி குடித்துவிட்டு மோட்டார் போடப் போன அண்ணன் திரும்பி வரவில்லை. நாம் இருவரும் ஓடிப்போய்ப் பார்த்தபோது சூரியன் நன்றாக மேலே வந்திருந்தது. வரப்பில் விழுந்து கிடந்தார். ஒரு செருப்பு காலில் இருந்தது, ஒன்று இல்லை. கம்பி இல்லை. கருப்பையா அதைச் சுருட்டி முந்திரிக்காட்டில் எறிந்துவிட்டு, எனக்கு ஒன்றும் தெரியாது என்று வந்து நின்றான். அதுதான் மதினி, எனக்கு ஆறாதது. மறந்ததைக்கூட விட்டுவிடலாம். என் அண்ணன் கிடக்கும்போது கம்பியைச் சுருட்டினானே.

போலீஸ் வந்து காட்டில் தேடிக் கம்பியை எடுத்து, அவனைக் கொண்டுபோனது. அதுவரை அவனைக் கருப்பையாண்ணே என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். அன்றோடு அந்த அண்ணன் போய்விட்டான்.

மூன்றாம் மாதம் அழகம்மாள் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று பேச்சு வந்தது. கொலைகாரன் பொண்டாட்டி என்று அவளை யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை. இரண்டு பெண்பிள்ளைகள் வேறு. புதன்கிழமை ஜெபக்கூட்டத்தில் நீங்கள் எழுந்து நின்றீர்கள். வெள்ளைச் சேலையில், இளைத்துப்போய். "இந்த மாச அரிசி அழகம்மா வீட்டுக்குப் போகட்டும். நானே கொண்டுபோறேன்" என்றீர்கள். ஒருவரும் ஆமென் சொல்லவில்லை. எனக்குக் காது அடைத்துவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் நான் செய்த காரியத்தை நான் மறைக்கப்போவதில்லை. டின்னைத் தூக்கிக்கொண்டுபோய்க் கொல்லைப்புறத்தில் கொட்டினேன். மாதம் முழுக்க நீங்கள் சேர்த்த அரிசி. கோழிகள் ஓடி வந்தன. நீங்கள் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

"மதினி, ஒங்களுக்கு ஒடம்புல ரத்தம் ஓடுதா, தண்ணி ஓடுதா?" என்று கத்தினேன்.

"எனக்கும் வயிறு எரியுதுத்தா. எரியலன்னு யாரு சொன்னா?"

"அப்பறம் எதுக்கு அவ வீட்டுக்கு?"

"வேதத்துல ஆண்டவரு சொல்லியிருக்காருல்ல. பகையாளி பசிச்சுக் கெடந்தா சோறு போடுன்னு."

"ஒங்களுக்கு மனசு வருதா?"

"வரல." அவ்வளவு பட்டென்று சொன்னீர்கள். "மனசு வந்தா எல்லாருந்தான் செய்வாங்க. எனக்குப் பிடிச்சத மட்டும் செய்வேன்னா, அப்பறம் எனக்கு ஆண்டவரு எதுக்கு? நானே போதுமே."

நீங்கள் என்னை அடித்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். அடிக்கவில்லை, திட்டவுமில்லை. வியாழக்கிழமை உலை வைத்தபோது உங்கள் பங்கு அரிசி முழுவதையும் டின்னில் போட்டீர்கள். எனக்கும் உங்கள் மகளுக்கும் மட்டும் ஆக்கினீர்கள். கேட்டால் "பசிக்கல" என்றீர்கள். வெள்ளிக்கிழமையும் அதேதான். நீராகாரத்தைக் குடித்துவிட்டு என்னோடு கூலிக்குப் பூப்பறிக்க வந்தீர்கள். சனிக்கிழமை என்னால் பார்க்க முடியவில்லை. என் பங்கையும் எடுத்து டின்னில் போட்டேன். அழகம்மாளுக்காக இல்லை, அதை அன்றே சொன்னேன். உங்கள் கண் உள்ளே போயிருந்தது, அதற்காக. நீங்கள் டின்னை ஒரு குலுக்குக் குலுக்கி மூடி வைத்தீர்கள்.

மறுநாள் சாக்கைச் சுமந்துகொண்டு போனீர்கள். திரும்பி வர வெகுநேரம் ஆனது. அந்த வீட்டில் இவ்வளவு நேரம் என்ன வேலை என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். அதைப் பிறகு சொல்கிறேன்.

உங்களை ஊரில் பாதிப் பேர் ஏமாளி என்றார்கள். ஏமாளி என்று நம்பித்தான் கருப்பையாவின் பெரியண்ணன் நம் வீட்டுக்கு வந்தான். வழக்கு வரப்போகிற நேரம். செம்பில் கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு, மெதுவாக ஆரம்பித்தான்.

"பகைய மறந்து அரிசி குடுத்த புண்ணியவதி நீங்க. மனசுன்னா அது மனசு. அதே மாதிரி இன்னும் ஒரே ஒரு ஒத்தாச. கம்பி போட்டது ஒங்க வீட்டுக்காரருதான்னு கோர்ட்டுல ஒரு வார்த்த சொல்லிட்டா, அவன் பொழச்சு வந்துருவான். போனவரு இனிமே வரவா போறாரு?"

நீங்கள் செம்பை வாங்கிக் கீழே வைத்தீர்கள். "அரிசி பசிக்குக் குடுத்தேன். பொய் யாரு பசிக்கிங்க?"

"அப்ப எதுக்கு அரிசி குடுத்தீங்க?"

"கேக்குறதுக்கு ஆளில்லாத பொம்பளன்னு நெனச்சு வந்தீங்களாக்கும். அங்கிட்டு அரிசி குடுத்த இதே கைதான் கோர்ட்டுல சத்தியம் பண்ணப்போவுது. எந்திரிங்க."

அவன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனான். நீங்களும் கோர்ட்டில் ஏறி உள்ளதை உள்ளபடி சொன்னீர்கள். கூட்டவில்லை, குறைக்கவில்லை. கருப்பையாவுக்குத் தண்டனை கிடைத்தது. அவன் உள்ளே இருந்த வருஷங்களில் எந்த மாதம் அழகம்மாள் வீட்டில் இல்லையோ அந்த மாதமெல்லாம் அரிசி போனது. ஊருக்குத் தலை சுற்றியது. "ஜெயிலுக்கும் அனுப்புது, சோறும் போடுது, இது என்ன மாதிரிப் பொம்பள?" என்று தண்ணிக் குழாயடியில் பேசிக்கொண்டார்கள். எனக்கு முதல் முறையாக உங்களை நினைத்து நெஞ்சு நிமிர்ந்தது. மன்னிப்பு என்றால் அடிக்கு முதுகைக் கொடுப்பது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். நீங்கள் முகத்தைக் கொடுத்தீர்கள்.

அப்படிப்பட்ட உங்களுக்குத்தான் மார்பில் கட்டி வந்தது.

தஞ்சாவூருக்கு எத்தனை தடவை பஸ் ஏறினோம். முடி கொட்டியபோது, "சீப்பு மிச்சம்" என்றீர்கள். பஸ்ஸில் பக்கத்து ஸீட்டுக்காரம்மாள் பரிதாபமாகப் பார்த்தால், "என்னத்தா பாக்குற, ஒனக்கும் பேனு போவணுமா?" என்று கேட்டுச் சிரிக்க வைத்தீர்கள். சபை முழுதும் ஜெபித்தது. அறந்தாங்கியில் வாழ்க்கைப்பட்ட உங்கள் மகள் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து முழங்காலில் கிடந்தாள். நான் உபவாசம் இருந்தேன். கேட்டது கிடைக்கவில்லை. கிடைத்தது என்று பூசி மெழுக எனக்குத் தெரியாது.

கடைசி மாதம் உங்களால் சோறு தின்ன முடியவில்லை. ஆனாலும் உலை வைக்கும் நேரம் அடுப்படிக்குக் கூட்டிப்போகச் சொல்வீர்கள். சுவரில் சாய்த்து உட்கார வைப்பேன். அரிசியை உங்கள் கையில் வைத்து, நானே உங்கள் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி, டின்னுக்கு மேலே கொண்டுபோவேன். பாதி கீழே சிந்தும். சிந்தியதைப் பொறுக்கிப் போடச் சொல்வீர்கள். உங்களுக்கு ஒரு வாய் இறங்காத நாளிலும் யாருக்கோ ஒரு பிடி எடுத்தீர்கள். அப்போது எனக்கு ஆண்டவர்மேல் வந்த கோபத்தை இன்றுவரை அவரிடமிருந்து நான் திருப்பி வாங்கவில்லை.

அடக்கத்தன்று அழகம்மாள் வந்தாள். கையில் ஒரு தூக்குவாளி. நான் வாசலில் மறித்தேன். தூக்கின் மூடி கொஞ்சம் விலகியிருந்தது, உள்ளே அரிசி தெரிந்தது. "எங்க அண்ணனத் தின்ன வீட்டு அரிசி எங்க மதினி பொணத்துக்கு வேண்டாம். போ" என்றேன். அத்தனை பேர் முன்னால். அவள் தூக்கை முந்தானையால் மூடிக்கொண்டு திரும்பி நடந்தாள். நீங்கள் பெட்டிக்குள் படுத்திருந்தீர்கள், இல்லையென்றால் எழுந்து வந்து அவள் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போயிருப்பீர்கள். எனக்குத் தெரியும். தெரிந்துதான் செய்தேன்.

அதன்பிறகு இரண்டு மாதம் கோயிலுக்குப் போகவில்லை. ஜெபம் பண்ண வாய் வரவில்லை. பக்கத்து வீட்டு ராக்காயி வேலி ஓரம் நின்று கேட்டாள்: "அண்ணனயும் வாங்கிக்கிட்டாரு, மதினியயும் வாங்கிக்கிட்டாரு ஒங்க சாமி. இன்னமுமா அந்த டின்ன வச்சிருக்க?"

"வச்சிருக்கேன். ஒன் வீட்டுல அரிசி இல்லயா? சொல்லு, அடுத்த மாசம் கொண்டாரேன்" என்றேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள். பதில் சொல்லிவிட்டேனே தவிர, அவள் கேட்டது எனக்குள்ளும் இருந்தது. எல்லாவற்றையும் விட்ட நான், இதை மட்டும் ஏன் விடவில்லை? உலை கொதித்தால் கை தானாக அரிசிக்குப் போகிறது, ஒரு பிடி எடுக்கிறது, டின்னில் போடுகிறது. நம்பிக்கையால் செய்தேன் என்று சொன்னால் பொய். நிறுத்தினால் நீங்கள் முழுசாகப் போய்விடுவீர்கள். போதாததற்கு, நம்மைத் தோற்கடிக்க வந்தது எதுவோ, அது ஜெயித்துவிடும். அதை ஜெயிக்க விட எனக்கு இஷ்டமில்லை.

நாளை என்ன செய்வேன் என்று இந்த நிமிஷம்வரை தெரியாது. போகவில்லை என்றால் இத்தனை நாள் போட்ட பிடியெல்லாம் வெறும் கைப்பழக்கம். போனால், அண்ணன் செருப்பு கிடந்த வரப்பு கண்ணில் வருகிறது. இதோடு நிறுத்துகிறேன்.

இன்று திங்கள். மிச்சத்தை எழுதுகிறேன்.

போனேன் மதினி.

ஆராதனை முடிந்து பத்து வீட்டு அரிசியையும் சாக்கில் கொட்டினார்கள். புழுங்கல், பச்சை, ரேஷன், பொன்னி எல்லாம் ஒன்றாக. போதகர் ஐயா வண்டியில் வைத்து அனுப்புகிறேன் என்றார். வேண்டாம் என்று தலையில் ஏற்றிக்கொண்டேன். குழாயடியில் ராக்காயி நின்றாள்.

"எங்கடி சுமந்துக்கிட்டுப் போற?"

"கருப்பையா வீட்டுக்கு."

"அந்த வீட்டுக்கா? ஒங்க அண்ணன் ஆவி ஒன்ன சும்மா விடுமா?"

"எங்க அண்ணன் பொண்டாட்டியே போன வீடுதான். குடத்த எடு, வழி விடு."

ரோட்டு வழியாகப் போயிருக்கலாம். நான் வரப்பு வழியாகத்தான் போனேன். அந்த இடத்தில் நின்றேன். தலையில் சாக்கு, கழுத்து வலிக்கிறது. இப்போதும் அங்கே கடலைதான் போட்டிருக்கிறார்கள், பூ எடுத்திருக்கிறது. "அண்ணே, அவன் வீட்டுக்குத்தான் போறேன். ஒன் பொண்டாட்டி பழக்கிவிட்டது, நான் என்ன பண்ணட்டும்" என்று சத்தமாகவே சொன்னேன். ஆவியெல்லாம் ஒன்றும் வரவில்லை. அழுகைதான் வந்தது. அழுதுகொண்டே நடந்தேன். சாக்கை இறக்கவில்லை.

கருப்பையா வாசலில் கயிற்றுக் கட்டிலில் கிடந்தான். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. நான் மனதில் வைத்திருந்த கருப்பையா வேறு ஆள். இது ஒரு கிழவன். என்னைப் பார்த்ததும் எழ முயன்றான், முடியவில்லை. நல்ல கையை நெற்றிவரை கொண்டுபோனான். கண்ணீர் காதுக்குள் வடிந்தது. அழகம்மாள் ஈரக்கையோடு ஓடி வந்து, என்னைக் கண்டு அப்படியே நின்றுவிட்டாள்.

"உள்ள வாங்க..."

"உள்ள வர வரல. சாக்க எறக்கு மொதல்ல. கழுத்து போவுது."

இறக்கினாள். நான் கட்டில் பக்கம் திரும்பினேன். ஆறு நாளாகச் சேர்த்துவைத்த வார்த்தைகள் எல்லாம் இருந்தன. "இந்தா பாருண்ணே" என்று ஆரம்பித்துவிட்டேன். பழைய வாய், தானாக வந்துவிட்டது. எனக்கே எரிச்சலாக இருந்தது. ஆனாலும் சொன்னேன்: "ஒன்ன மன்னிச்சது எங்க மதினி. நான் இல்ல. நீ கம்பியச் சுருட்டுனது எனக்கு இன்னும் எரியுது. அரிசி மட்டும் வந்திருக்கு. தின்னு."

அவன் தலையை ஆட்டினான். அழகம்மாள் மெதுவாகச் சொன்னாள், "நீங்க இவ்வளவு தூரம் வந்ததே பெருசு. நானா இருந்தா வாசல்ல காறித் துப்பிட்டுப் போயிருப்பேன்." அவள் அப்படிச் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. காலில் விழுந்திருந்தால் திரும்பி வந்திருப்பேன்.

சாக்கின் வாயை அவிழ்த்துக் கையை விட்டு அளைந்தாள். "இந்த அரிசி ஒண்ணு கொழையும், ஒண்ணு வெறச்சு நிக்கும். மொத தடவ கொண்டாந்த அன்னைக்கு எனக்கு ஆக்கத் தெரியாம ஒரு ஒல பாழாயிருச்சு. ஒங்க மதினிதான் அடுப்புகிட்ட ஒக்காந்து சொல்லிக் குடுத்துச்சு. ரொம்ப நேரம் ஊறப்போட்டு, தீய எறக்கி, கிண்டாம மூடி வையின்னு. வெந்ததும் எங்களோட ஒக்காந்து ஒரு வாய் தின்னுட்டுத்தான் போச்சு."

அதுதான் அன்று திரும்பி வர அவ்வளவு நேரமா? மூன்று நாள் பட்டினி கிடந்த நீங்கள், உங்கள் முதல் சோற்றை அந்த வீட்டில் தின்றீர்களா? என்னிடம் சொல்லாமலே போய்விட்டீர்களே மதினி.

எனக்குக் கேட்க வேண்டியது ஒன்று இருந்தது. "அடக்கத்தன்னைக்குத் தூக்குல எதுக்கு அரிசி கொண்டாந்த?"

அவள் சாக்கின் வாயைக் கட்டினாள். "அவங்க படுத்ததுலேர்ந்து நானும் மொத பிடி எடுத்து வச்சேன். எங்க சாமிக்கு வெளக்கேத்திட்டுத்தான் எடுத்தேன், அது தப்பான்னு தெரியல. ஒங்க கோயில் சாக்குல கொட்டச் சொல்லி ஒங்க கையில குடுக்கத்தான் வந்தேன்."

"இப்ப அது எங்க?"

உள்ளே போய் அதே தூக்கை எடுத்துவந்தாள். வேப்பிலை போட்டு மூடி வைத்திருந்தாள்.

"அடுப்பு எரியலன்னு சொன்னாங்க?"

"ஆமா."

"கூறு இருக்கா ஒனக்கு? இத ஆக்கியிருக்கலாமுல்ல?"

"குடுக்கணும்னு எடுத்ததயா?" என்று கேட்டாள்.

கோழிக்குக் கொட்டிய அரிசி கண் முன்னால் வந்தது. "இங்கிட்டுக் குடு" என்று கையை நீட்டினேன். அன்று வேண்டாம் என்று விரட்டிய தூக்கை வாங்கிக்கொண்டேன். "அன்னைக்குப் பேசுனது தப்பு" என்றேன். கருப்பையாவிடம் சொல்ல முடியாததை அவளிடம் சொல்ல முடிந்தது. அவள் செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். வாங்கினேன், கையில் வைத்திருந்தேன். குடிக்க முடியவில்லை. "அடுத்த தடவ பாப்போம்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டேன். உங்கள் அளவுக்கு நான் வரவில்லை. வந்துவிட்டேன் என்று பொய் சொல்லவும் மாட்டேன்.

திரும்பும்போதும் வரப்பு வழியாகவே வந்தேன்.

இன்று காலை ஆண்டவரிடம் ஐந்து மாதத்துக்குப் பிறகு ஒரு வார்த்தை பேசினேன். "நீர் சொன்னதைச் செய்துவிட்டேன். மதினியை ஏன் எடுத்தீர் என்று நான் கேட்பதை நிறுத்தப் போவதில்லை. அதையும் கேட்பேன், இதையும் செய்வேன்" என்றேன். வாயை மூடு என்று அவர் சொல்லவில்லை. அது எனக்குப் போதும்.

காலியாகக் கிடந்த டின்னில் முதலில் அழகம்மாளின் அரிசியைக் கொட்டினேன். ரேஷன் அரிசி, பழுப்பாக இருந்தது. வசம்புத் துண்டு அதற்கு அடியில் மறைந்தது. அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்தது. எனக்கு ஒருத்திக்கு ஆழாக்கு அரிசி அளந்து வைத்திருந்தேன். ஒருத்திக்கு ஆக்குகிற வீட்டில் எதற்குப் பிடி என்று யாராவது கேட்கட்டும், பதில் வைத்திருக்கிறேன். களையாத அரிசியில் கையை விட்டு முதல் பிடி எடுத்தேன். டின்னுக்கு மேலே கொண்டுபோய், போடுவதற்கு முன்னால் ஒரு தடவை பார்த்துக்கொண்டேன்.

விரல் மூடியிருந்தது, மதினி.